இருபது நிமிடத் தாமதம்

ஹென்னிங் பிராக்ஹாகே தன் ஆயுளில் ஒரு ரயில் டிக்கெட்டைக்கூட முழு விலை கொடுத்து வாங்கியதில்லை. ஜெர்மனியில், கோட்டிங்கன் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். முழு விலை கொடுப்பவர்கள் மீது அவனுக்குக் கோபம் கிடையாது, இரக்கம்தான். பின்னக் கணக்கில் முழி பிதுங்கும் பிள்ளைகளிடம் காட்டுவானே, அதே இரக்கம்.

அவன் குடும்பத்தை ஊர் சுற்றாத குடும்பம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் பாதியைப் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு தடவையாவது போக நினைத்த ஊருக்குப் போனார்களா என்று கேட்டால், அது வேறு விஷயம். டிக்கெட் எங்கே மலிவோ அங்கே போவார்கள். தேனிலவுக்கு வெனிஸ் என்றுதான் பேச்சு இருந்தது. போனது பிப்ரவரி மாதத்தில், போலந்தில் ஒரு நெசவாலை நகரத்துக்கு. அங்கே புது மனைவி இம்கே மூன்று நாள் கையுறையைக் கழற்றாமல் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் ஓடிவிட்டது, கல்யாணம் இன்னும் நிற்கிறது. தன் கணக்கு தப்பவில்லை என்பதற்கு இதையும் ஒரு சான்றாக ஹென்னிங் சேர்த்துக்கொண்டான்.

இந்த வருஷம் இலையுதிர்கால விடுமுறையில் இம்கேயின் தங்கை மாரெனுக்குச் சுவிட்சர்லாந்தில், லூசெர்ன் நகரத்தில் கல்யாணம். இரண்டாம் கல்யாணம். முதல் கல்யாணத்துக்கு அக்கா குடும்பம் மலிவு டிக்கெட்டில் ஐந்து ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் கோட் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்யாணம் ஆறே வருஷத்தில் முறிந்தது. முழு விலை கொடுத்துப் போயிருந்தால் எவ்வளவு நஷ்டம் என்று ஹென்னிங் வாய் தவறிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் சோபாவில் படுத்தான்.

அதனால் மாரென் இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக இருந்தாள். சுவிஸ் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் இரண்டு சாட்சிகள் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை ஊர்ஸ் பக்கம் அவன் நண்பன். பெண் பக்கம் இம்கே.

"உன்ன சாட்சியா எழுதிக் குடுத்துட்டேன்க்கா," என்றாள் போனில். "வெள்ளிக்கிழமை ரெண்டு மணி. நீ வரலேன்னா அந்த இடத்துல நிக்க எனக்கு வேற யாரும் வேண்டாம். இந்தத் தடவையும் உங்க வீட்டுக்காரர் டிக்கெட்தான் ஜெயிக்கும்னா இப்பவே சொல்லிடு."

இம்கே போனை வைத்துவிட்டுச் சமையலறையில் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இந்த ஒரு தடவை மட்டும் நேரத்துக்குப் போகிற டிக்கெட்டாக வாங்கு என்று ஹென்னிங்கிடம் கேட்டுக்கொண்டாள். அவனும் மனப்பூர்வமாகத்தான் தலையாட்டினான். போகாமல் இருக்க வேண்டும் என்று அவன் ஒரு நாளும் நினைத்தவன் இல்லை. மலிவாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நேரத்துக்குப் போகிற ரயிலில் இரண்டு பெரியவர்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு யூரோ. பிள்ளைகள் லோட்டேயும் யோரிஸும் பெற்றோருடன் போனால் இலவசம். நானூற்றுப் பன்னிரண்டு என்று திரையில் பார்த்ததும் ஹென்னிங் பட்டியலைக் கீழே தள்ளினான். அதற்கு ஏழு வரி கீழே எழுபத்தெட்டு யூரோவுக்கு ஒன்று இருந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். மலிவு டிக்கெட்டுக்கு ஒரு கட்டு உண்டு. அதில் எந்த ரயில் அச்சாகியிருக்கிறதோ அந்த ரயிலில் மட்டும்தான் ஏறலாம். ஆனால் ரயில்காரர்கள் தாமதம் செய்து, ஊர் போய்ச் சேர இருபது நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்று ஆகிவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். அதன் பிறகு நீங்கள் ராஜா. அதிவேக ரயில் உட்பட எதிலும் ஏறலாம். ஜெர்மனியில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூட இதைச் சொல்லும். மற்றவர்கள் இதைத் தலைவலிக்குக் கிடைக்கும் மாத்திரையாக நினைத்தார்கள். ஹென்னிங் ஒருவன்தான் இதைத் திட்டமாகவே போட்டான்.

எழுபத்தெட்டு யூரோ டிக்கெட் இப்படி: காலை ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கோட்டிங்கனில் ஏறி எட்டு இருபத்தொன்பதுக்கு மன்ஹைம். அங்கே எட்டு நாற்பத்தொன்றுக்கு இன்னொரு ரயில். அது ஸ்டுட்கார்ட், உல்ம், லிண்டாவ் என்று தெற்கு முழுக்கச் சுற்றி, அங்கங்கே இறக்கி ஏற்றி, மாலை மூன்று நாற்பத்தொன்றுக்கு லூசெர்னில் விடும். அதற்குள் கல்யாண நேரம் தாண்டி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் முதல் ரயில் பிந்தினால் எட்டு நாற்பத்தொன்று போய்விடும், கட்டு அவிழும், ஒன்பது முப்பத்தாறு அதிவேக ரயிலில் ஜம்மென்று உட்கார்ந்து ஒன்று ஐந்துக்கு லூசெர்ன். ஐந்து ஐம்பத்தெட்டு வண்டியை அவன் தொண்ணூற்றொரு நாள் கவனித்து அட்டவணை போட்டான். எண்பத்தாறு நாள் இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம். ஒரு வண்டி இதைவிட எப்படி நாணயமாக நடந்துகொள்ள முடியும்?

இம்கேயிடம், "ஒண்ணு அஞ்சுக்கு லூசெர்ன்," என்று மட்டும் சொன்னான். பொய் என்று சொல்லிவிட முடியாது. தொண்ணூற்று நான்கரை சதவீதம் உண்மை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து ஐம்பத்தேழுக்கு வண்டி நடைமேடையில் வந்து நின்றது.

ஒரு நிமிடம் முன்னதாக. நடைமேடையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது நேற்றைய வண்டியா என்று ஒருவர் கேட்டார். தினமும் இதில் போகிறவர்கள் பாதிப் பேர் வழக்கப்படி இன்னும் ரொட்டிக்கடை வரிசையில் நின்றார்கள். காபிக் கோப்பையும் கையுமாகப் படியேறி ஓடி வந்தார்கள். அவர்களால் கதவு மூடக் கொஞ்சம் பிந்தும் என்று ஹென்னிங் ஆவலோடு பார்த்தான். எல்லோரும் தடகள வீரர்கள் மாதிரி பாய்ந்து ஏறிவிட்டார்கள்.

இடம் பதிவு செய்யத் தனிக் காசு என்பதால் பதிவு செய்யவில்லை. பதிவு செய்தவர்கள் இன்னும் வராத நான்கு இடங்களில் உட்கார்ந்தார்கள். எதிரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இருபது வருஷமா இதுல போறேன். ஏதோ தப்பு நடந்திருக்கு," என்றார்.

ஹென்னிங் அப்போது கலங்கவில்லை. இது ஆரம்பம்தானே. முன்னால் காஸல் இருக்கிறது, அங்கே சிக்னல் கோளாறு வழக்கம். புல்டா இருக்கிறது, அங்கே ஓட்டுநர் மாறுவார், மாறுகிறவர் வேறொரு தாமத ரயிலில் மாட்டியிருப்பார். பாதையில் மாடு நிற்கலாம். கதவு ஒன்று மூடாமல் அடம்பிடிக்கலாம். இத்தனை வருஷம் இவற்றையெல்லாம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திட்டியவன், இன்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டான்.

காஸலில் வண்டி நேரத்துக்கு நின்று நேரத்துக்குக் கிளம்பியது. புல்டாவில் மாற்று ஓட்டுநர் விளக்குக் கம்பத்தடியில் தயாராக நின்றுகொண்டிருந்தார். மாடுகள் மேய்ச்சலை விட்டு அசையவில்லை. பரிசோதகர் ஒலிபெருக்கியில், நாம் குறித்த நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று தெரிந்தோ என்னவோ, இன்னொரு தடவை சொன்னார். பெட்டியில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். இம்கேயும் தட்டினாள்.

"பாத்தியா, நம்ம அதிர்ஷ்டம்," என்று ஹென்னிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவன் முட்டை உரித்துத் தரட்டுமா என்று கேட்டு, சாப்பாட்டுப் பையில் தலையை விட்டுக்கொண்டான்.

பிராங்பர்ட்டில்தான் கடவுள் கண் திறந்தார். கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கையில் ஓர் இசைக்கலைஞர், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய வாத்தியப் பெட்டியோடு வந்து கதவில் சிக்கிக்கொண்டார். பெட்டி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கதவு இரண்டு தடவை மூடப் பார்த்து விலகியது. ஹென்னிங் எட்டிப் பார்த்தான். அந்தப் பெட்டியைவிட அழகான பொருளை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கிற? போய் ஒரு கை குடு," என்றாள் இம்கே.

தபால்காரர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். இன்னும் இருவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஓடினார்கள். இன்றைக்கு ஒரு நாளாவது இந்த வண்டியைக் காப்பாற்றியே தீருவது என்ற வெறி அவர்கள் முகத்தில் இருந்தது. ஹென்னிங்கும் போக வேண்டியதாயிற்று. கணக்கு வாத்தியார் அல்லவா, கோணம் அவன் கண்ணுக்குத் தானாகத் தெரிந்தது. அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கித் திருப்பினால் நுழைந்துவிடும். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தான். ஆனால் நான்கு பேர் தப்பான பக்கம் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா நிற்க முடியவில்லை. சொன்னான். பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வண்டி நொடி தவறாமல் கிளம்பியது, எல்லோரும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

டிக்கெட் பார்க்கப் பரிசோதகர் வந்தார். ஹென்னிங் பொறுக்க மாட்டாமல், "இன்னிக்கு ஏன் சார் லேட்டாகல?" என்று கேட்டான்.

"ரொம்ப மன்னிக்கணும் சார்," என்றார் பரிசோதகர், பழக்கதோஷத்தில். பிறகுதான் கேள்வி அவருக்குப் புரிந்தது. அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

கேள்வி இம்கேயின் காதிலும் விழுந்தது. பதினான்கு வருஷக் குடித்தனம். டிக்கெட்டைக் காட்டு என்று கையை நீட்டினாள். வாங்கிப் படித்தாள். அவள் உதடு ரயில் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கியது.

"மூணு நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு."

"அது டிக்கெட்டுல. உண்மையில ஒண்ணு அஞ்சு."

"உண்மையிலன்னா?"

அவன் விளக்கினான். அட்டவணையைக்கூட எடுத்துக் காட்டினான், தொண்ணூற்றொரு நாள், தேதிவாரியாக. இம்கே குறுக்கே பேசாமல் கேட்டாள். தபால்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் அவரும் கேட்டார்.

"ஆக, என் தங்கச்சி கல்யாணம் நடக்கணும்னா இந்த ரயில் பாழாப் போகணும்," என்றாள் இம்கே.

"பாழாப் போக வேண்டாம். இருபது நிமிஷம் லேட்டானா போதும்."

பன்னிரண்டு வயது லோட்டே, மன்ஹைமில் கழிப்பறைக்குப் போகிற மாதிரி போய் அந்த எட்டு நாற்பத்தொன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டாள். ஹென்னிங் பதறிப்போனான். அது மோசடி. நம் தவறால் விட்டால் கட்டு அவிழாது. அவிழ்ந்ததாகக் காட்டிக்கொண்டு ஏறினால் அது குற்றம், பெற்ற மகள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சா என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தான். மைத்துனியின் கல்யாணத்தைச் சூதில் வைத்தவன், ஒரு விதியை மீற மாட்டான்.

இம்கே திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அவன் மேல் வந்ததைவிடத் தன் மேல் வந்த கோபம் அதிகம். எத்தனை விருந்தில் இவன் டிக்கெட் கதைகளைச் சொல்லி நாமே ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அதை அவனிடமே சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

எட்டு இருபத்தொன்பதுக்கு மன்ஹைம். இறங்கிய கூட்டம் எங்கோ பரிசு வாங்கப் போகிற மாதிரி நடந்தது. எதிர் நடைமேடையில் எட்டு நாற்பத்தொன்று வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. இம்கே நடைமேடை நடுவில் நின்று கைப்பேசியை எடுத்தாள். ஒன்பது முப்பத்தாறு, லூசெர்ன், முழு விலை, ஒரு பெரியவர், இரண்டு குழந்தைகள். ஒருவருக்கு இருநூற்றாறு யூரோ. கட்டு கிடையாது.

"உனக்கும் சேத்துப் போடவா?" என்று கேட்டாள். கட்டைவிரல் திரைக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.

ஹென்னிங் அந்த எண்ணைப் பார்த்தான். கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தான். அது இன்னும் செல்லுபடியாகிற டிக்கெட். நான்கு பேருக்கு வாங்கியது, மூன்று பேர் அதிலிருந்து கழன்றுகொண்டார்கள், மிச்சம் அவன் ஒருவன்தான்.

"வேண்டாம். ஒரு டிக்கெட்டாவது வீணாகாம இருக்கட்டும்."

இம்கே ஒரு கணம் அவனைப் பார்த்தாள். கட்டைவிரல் இறங்கியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். எட்டு வயது யோரிஸ் மட்டும் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான்.

அதன் பிறகு ஹென்னிங் ஏறிய ஒவ்வொரு வண்டியும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயிற்று. நான்கு பேருக்கான ரொட்டியும் எட்டு முட்டையும் அவன் பையிலேயே தங்கிவிட்டன. ஒவ்வொரு பரிசோதகரும், டிக்கெட்டில் நான்கு பேர் என்று இருக்கிறதே, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். முன்னால் போய்விட்டார்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னான். நான்காவது ஆளிடம் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். சரியாக இரண்டு மணிக்கு வண்டி ஒரு சிற்றூரில், மரம் அறுக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. இப்போது இம்கே பேனாவைக் கையில் எடுத்திருப்பாள் என்று நினைத்தான். அங்கே இருக்க வேண்டும் போல் அவனுக்கு ஆசையாக இருந்தது. சும்மா ஓர் ஓரமாக, நாற்காலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மூன்று நாற்பத்தொன்றுக்கு லூசெர்ன். ஏரிக்கரை உணவகத்தில் விருந்து முடிந்து காபி நடந்துகொண்டிருந்தது. இம்கே நீல உடையில் மாரெனின் தோளில் கை போட்டு உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததும் ஹென்னிங் வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிட்டான். லோட்டே ஓடி வந்து சேதியெல்லாம் சொன்னாள். அதிவேக ரயில் கொஞ்சம் பிந்தியதாம், ஆனாலும் ஒன்று இருபதுக்கே வந்துவிட்டார்களாம். அம்மா கையெழுத்துப் போடும்போது சித்தி அழுதாளாம்.

"எவ்ளோ லேட்டு?"

"பதினஞ்சு நிமிஷம்ப்பா."

"பதினஞ்சுக்கு ஒண்ணும் திரும்பக் கிடைக்காது," என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாரென் எழுந்து வந்து கன்னத்தில் முத்தமிட்டாள். நீங்கள் வருவதற்குள் பிள்ளை பெற்றுக்கொண்டு ஞானஸ்நானமும் முடித்துவிடலாம் என்று ஊர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹென்னிங்கும் அசடு வழிந்தபடி சிரித்துவைத்தான்.

திரும்பும் டிக்கெட் அன்றைக்கே மாலை ஐந்து நான்குக்கு. அந்த வார இறுதியில் வேறெந்த ரயிலிலும் அந்த விலை இல்லை. நாலேகாலுக்கு அவன் இம்கேயின் காதில் மெல்ல நேரத்தைச் சொன்னான்.

"நாங்க ஞாயித்துக்கிழமை வர்றோம். மாரென் வீட்டுல படுக்க இடம் இருக்கு," என்றாள் அவள். "நீயும் இரேன்."

நீயும் இரேன் என்றதில் கோபம் இல்லை. காலையில் கையைப் பிடித்தபோது இருந்த அதே குரல்தான். ஹென்னிங் நாற்காலியைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான். கேக் இன்னும் பாதி இருந்தது.

"டிக்கெட்ல இந்த ரயில்தான் போட்டிருக்கு," என்றான்.

இம்கே காபியைக் குடித்தாள். அவன் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, எட்டு முட்டையையும் அவர்களிடமே விட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்கு நடந்தான்.

நடைமேடையில் கால் வைக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. பாசல் நகரத்தில் அவன் மாற வேண்டிய வண்டிக்கு எஞ்சின் கோளாறு. ஊர் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம் தாமதமாகும். கட்டு அவிழ்ந்தது, பயணத்தைத் தள்ளிப்போட்டும் கொள்ளலாம். ஹென்னிங் இரண்டு தடவை படித்தான். பிறகு அந்த நாற்பத்தாறு வயது மனிதன், கோட் பறக்க, ஏரிக்கரையோடு ஓடினான். எதிரே வந்தவர்கள் எதையோ தவறவிட்டு ஓடுகிறான் என்று வழிவிட்டார்கள்.

மூச்சு வாங்க மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. கைப்பேசியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினான்.

"வண்டி ஒரு மணி பத்து நிமிஷம் லேட்டு. கட்டு விட்டுடுச்சு. இனி நானும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கலாம்."

யோரிஸ் கைதட்டினான். மாரென் தட்டில் ஒரு துண்டு கேக்கை வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். இம்கே அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"லேட்டாகலேன்னா?" என்று கேட்டாள்.

ஹென்னிங் வாயைத் திறந்தான். ஏரியில் ஒரு படகு ஊதியது, பக்கத்து மேஜையில் யாரோ பில் கேட்டார்கள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இம்கே அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்கவில்லை. லோட்டேதான் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.